அரை பாட்டில் காய்ச்சல் மருந்து

சிரிக்கிற குழந்தையின் படம் போட்ட மருந்து எதையும் நான் நம்புவதில்லை. காய்ச்சல் வந்த குழந்தை சிரிக்காது. அந்தப் படம் குழந்தைக்காக அல்ல, காசு கொடுத்து வாங்குகிற அப்பா அம்மாவுக்காகப் போடப்படுகிறது. படத்துக்கு இருக்கிற இடம் அளவு எழுத இருப்பதில்லை. அதை எறும்பு வரிசை மாதிரி பின்பக்கம் அச்சடித்திருப்பார்கள்.

நான் ஓய்வு பெற்று ஆறு வருஷம் ஆகிறது. திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸுக்குப் பின்னால் வந்த புது வீடுகளில் ஒன்றில் இருக்கிறேன். முன்பு என்னோடு வேலை பார்த்த பெண் ஒருத்தி போன மாதம் போன் செய்தாள். புதிதாகச் சேர்ந்த மருந்தாளுநர்களுக்குப் பயிற்சியாம். "குழந்தைங்களுக்கு வலி மருந்து, காய்ச்சல் மருந்து குடுக்கறதப் பத்திப் பத்து நிமிஷம் பேசுங்க மேடம். ஸ்லைடெல்லாம் நாங்களே போட்டுக்கறோம்" என்றாள். ஸ்லைடையும் நீங்களே போட்டுவிட்டால் நான் எதற்கு என்று கேட்டேன். "உங்க அனுபவத்தச் சொல்லுங்க மேடம்" என்றாள். பயிற்சி வகுப்புகளில் அனுபவம் என்று கேட்பது, பேசுகிறவர் தவிர மற்ற எல்லோரும் செய்த தப்புகளை. அதற்குப் பத்து நிமிஷம் தாராளம். நான் சொல்ல நினைத்ததற்குப் போதாது. அதனால் எழுதுகிறேன்.

படிப்பைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சென்னையில் இரண்டு வருஷம் டிப்ளமோ. கல்வத்தில் அரைத்தோம், தராசில் நிறுத்தோம், மூன்று மாதம் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் நின்றுகொண்டே மாத்திரை எண்ணினோம். குழந்தைகளுக்கான அளவைக் கண்டுபிடிக்க ஒரு கணக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். குழந்தையின் வயதை, அதே வயதோடு பன்னிரண்டைக் கூட்டி வரும் எண்ணால் வகுத்து, பெரியவர்களின் அளவால் பெருக்க வேண்டும். பரீட்சையில் அந்தக் கணக்குக்கு முழு மதிப்பெண் வாங்கினேன். வேலைக்கு வந்த முதல் வாரத்தில், ஐந்து வயசு என்று சொல்லி மூன்று வயசு எடையில் குழந்தைகள் வரிசையில் நின்றபோது, கணக்கு யாருக்காகப் போடப்பட்டது என்று சந்தேகம் வந்தது. அன்றிலிருந்து வயதைக் கேட்பதில்லை. எடை மெஷினைக் காட்டுவேன்.

கீழ்பென்னாத்தூர் பக்கத்தில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில்தான் என் சர்வீஸின் பெரும்பகுதி போனது. சுற்றிலும் நெல்லும், மல்லாட்டை என்று அங்கே சொல்கிற நிலக்கடலையும். எனக்கும் ஜனங்களுக்கும் நடுவே ஒரு ஜன்னல், அதில் ஒரு கை நுழைகிற அளவுக்கு ஓட்டை. அந்த ஓட்டை வழியாக நான் யாரையும் முழுதாகப் பார்த்ததில்லை. கையும் சீட்டும் தெரியும். குனிந்தால் பாதி முகம் தெரியும். சந்தேகப்படுவதற்கு அது ரொம்ப வசதியான ஏற்பாடு.

சந்தேகப்பட விஷயங்களும் இருந்தன. அம்மை போட்ட வீட்டில் மருந்து கொடுக்க மாட்டார்கள். வாசலில் வேப்பிலை செருகியிருந்தால் கிராம செவிலியரை உள்ளே விடுவதே பெரிய விஷயம். நாங்கள் தலையில் அடித்துக்கொள்வோம். ஆனால் ஆஸ்பிரின் விஷயத்தில் அவர்கள் செய்ததுதான் சரி. அம்மை மாதிரி வைரஸ் காய்ச்சலில் குழந்தைக்கு ஆஸ்பிரின் கொடுத்தால், அபூர்வமாக, மூளையும் ஈரலும் சேர்ந்து கெட்டுப்போகிற நோய் வரும். அந்தத் தப்பைச் செய்யப் படித்தவர் ஒருவர்தான் வந்தார். பள்ளி ஆசிரியர். "நாங்க வேப்பிலையெல்லாம் நம்பறதில்ல மேடம்" என்று பெருமையாகச் சொல்லிவிட்டு, பையனுக்கு அலமாரியில் இருந்த ஆஸ்பிரினில் அரை மாத்திரை கொடுத்ததாகச் சொன்னார். நல்ல வேளையாக அந்த அரையோடு நின்றது. மிச்ச அட்டையை அவர் சட்டைப் பையிலிருந்து நானே எடுத்து என் டிராயரில் போட்டுக்கொண்டேன்.

இன்னொருத்தி கைக்குழந்தைக்கான சொட்டு மருந்தைப் பெரிய குழந்தைக்கு ஸ்பூனில் கொடுத்தாள். சொட்டு மருந்து என்றால் லேசானது என்று நினைத்திருக்கிறாள். அது சிரப்பைவிடக் கெட்டியான சரக்கு, அதனால்தான் சொட்டுச் சொட்டாக விடச் சொல்கிறார்கள். ஒரு தடவையோடு வந்துவிட்டதால் தப்பித்தாள். பிறகு டெங்கு பயம் வந்தது. அந்தக் காய்ச்சலில் ஐபுப்ரூஃபன், டைக்ளோஃபெனாக் வகையெல்லாம் ரத்தக் கசிவை ஜாஸ்தியாக்கும், பாராசிட்டமால் மட்டும் கொடுங்கள் என்று சுற்றறிக்கை வந்தது. சுவரில் ஒட்டினோம். மற்ற எல்லா மருந்தும் கெட்ட பேர் வாங்கியதில் பாராசிட்டமால் வகுப்பிலேயே நல்ல பிள்ளை ஆகிவிட்டது. நானும் அதன் மேல் ஒரு கண் வைக்காமல் விட்டேன்.

அப்போது எங்கள் மருத்துவ அலுவலர் டாக்டர் தணிகாசலம். கைராசிக்காரர், அதில் எனக்குச் சந்தேகமில்லை. வயிற்றில் கை வைத்தால் பாதி நோயைச் சொல்லிவிடுவார். காகிதம் என்றால் மட்டும் வேறு ஆள். எந்தத் தாளையும் கீழிருந்து மேலே படிப்பார். முதலில் யார் கையெழுத்து என்று பார்ப்பார். பிறகு தேதி. அதற்கப்புறம்தான் விஷயம். அவர் வாயிலிருந்து உத்தரவு என்று ஒன்று வந்ததே இல்லை. எல்லாம் கேள்வியாகத்தான் வரும். "இப்படிப் பண்ணிடலாமா விஜயா?" என்பார். பண்ணினால் அது நான் பண்ணியது.

மழைக்காலத்தில் சிரப் வரத்து கம்மி. நாங்கள் கேட்பது ஒன்று, கிடங்கிலிருந்து வருவது ஒன்று. ஒருநாள் டாக்டர் என் அறைக்கு வந்து, அறுபது மில்லி பாட்டில் ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஒரு காய்ச்சலுக்கு இவ்ளோ எதுக்கு? பாதி வீட்டுல கொட்டித்தானே போவுது?"

அவ்வளவுதான். மறுநாளிலிருந்து ஒரு பாட்டிலை இரண்டு பேருக்குப் பிரித்தேன். முதலில் வருகிறவருக்குக் கம்பெனி பாட்டிலில் பாதி. அடுத்தவர் வீட்டிலிருந்து பாட்டில் கொண்டுவர வேண்டும், அதில் மீதிப் பாதி. இதை எவ்வளவு ஒழுங்காகச் செய்தேன் என்று சொல்ல வேண்டும். பிராந்தி பாட்டில் கூடாது. மண்ணெண்ணெய் பாட்டில் கூடாது. கொதிநீரில் கழுவி, கவிழ்த்துக் காய வைத்திருக்க வேண்டும். ஒவ்வொரு பாட்டிலையும் நானே முகர்ந்து பார்ப்பேன். மருந்தின் பேர், தேதி, தயாரிப்பு எண் எழுதிய சீட்டை ஒட்டுவேன். பதிவேட்டில் இரண்டு பேரையும் ஒரே வரியில் எழுதாமல் தனித்தனி வரியில் எழுதினேன். பிறகு ஓட்டை வழியாக, "ஒரு மூடி, ஒரு நாளைக்கு மூணு வாட்டி, அடுத்தவங்க வாங்க" என்பேன்.

அந்த மூடி கம்பெனி பாட்டிலின் மூடி. வழிய நிரப்பினால் ஐந்து மில்லி. அது முதல் ஆளோடு போய்விடும். இரண்டாவது ஆளுக்கு மருந்து இருந்தது, சீட்டு இருந்தது, பதிவேட்டில் வரி இருந்தது. அளக்க ஒன்றும் இல்லை. இது என் கண்ணில் படவே இல்லை.

கார்த்திகை தீபத்துக்கு முந்தைய வாரம். கிரிவலப் பாதை முகாம்களுக்கு எங்கள் ஆட்களில் பாதிப் பேரை அனுப்பிவிட்டதால் ஜன்னலில் நான் ஒருத்திதான். அன்று செல்வி வந்தாள். இருபத்துநாலு இருபத்தைந்து வயதிருக்கும். புருஷன் பெங்களூரில் கட்டட வேலை. மகள் பவித்ரா, ஒன்றாம் வகுப்பு. எடை பதினைந்து கிலோ, சீட்டில் நானே எழுத வைத்தேன். அந்த எடைக்கு, ஐந்து மில்லியில் இருநூற்றைம்பது மில்லிகிராம் இருக்கிற அந்தச் சிரப்பில் ஒரு வேளைக்கு ஐந்து மில்லி சரியாக இருக்கும். செல்வி நீட்டிய பாட்டிலைப் பார்த்து எனக்கு மனசு நிறைந்துவிட்டது. பழைய இருமல் மருந்து பாட்டில், பழுப்புக் கண்ணாடி, பளபளவென்று கழுவி, அதோடு வந்த பிளாஸ்டிக் கிண்ணத்தையே மூடியாகக் கவிழ்த்திருந்தாள். நான் அதை வரிசைக்குத் தூக்கிக் காட்டினேன்.

"பாருங்க, இப்படிக் கொண்டாரணும். குவார்ட்டர் பாட்டிலத் தூக்கினு வராதீங்க."

முப்பது மில்லி ஊற்றினேன். ஒரு மூடி, மூணு வாட்டி.

மறுநாள் காலை கதவு திறந்ததும் அதே பாட்டில் ஓட்டையில் வந்தது.

"தீந்துடுச்சிங்க" என்றாள் செல்வி.

முப்பது மில்லி என்றால் ஆறு வேளை, இரண்டு நாள். என் மூளை உடனே வேலை செய்தது, தப்பான திசையில்.

"ஒரே நாள்ல எப்படித் தீரும்? யாருக்குக் குடுத்த?"

"பாப்பாவுக்குத்தாங்க."

"பக்கத்து வீட்டுப் பாப்பாவுக்கும் சேத்தா?"

வரிசையில் சிரித்தார்கள். ஒரு பெரியவர், "தெருவுக்கே ஊத்தியிருக்கும்" என்றார். செல்வி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். நான் விடவில்லை.

"கை தவறிக் கொட்டிடிச்சின்னாவது சொல்லு, நம்பற மாதிரி."

பின்னால் திரும்பி வரிசையைப் பார்த்துவிட்டு, "கொட்டிடிச்சிங்க" என்றாள்.

இன்னொரு முப்பது மில்லி ஊற்றிக் கொடுத்து, பதிவேட்டின் குறிப்புப் பத்தியில் 'கொட்டிவிட்டதாகச் சொல்கிறார்' என்று எழுதினேன். 'சொல்கிறார்' என்ற சொல்லை யோசித்துத்தான் போட்டேன். மூன்றாம் நாளும் வந்தாள். "இன்னிக்கும் கொட்டிடிச்சா?" என்று கேட்டு, இல்லை என்று அனுப்பிவிட்டேன். என் ஜன்னலில் யாரும் என்னை ஏமாற்ற முடியாது என்று அன்று முழுவதும் ஒரு திருப்தி.

ஐந்தாம் நாள் காலை பவித்ராவைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடிவந்தாள். விடியலிலிருந்து வாந்தி. இரண்டு நாளாகச் சோறு இல்லை. குழந்தை கண்ணைத் திறந்து பார்த்தது, மறுபடி மூடிக்கொண்டது. கூட வந்த பக்கத்து வீட்டு ஆள், "கவர்ன்மென்ட்டு மருந்துல கலப்படம்பா, குடிச்சதுலருந்துதான் இப்படி" என்று எல்லோரும் கேட்கச் சொன்னான். டாக்டர் குழந்தையைப் படுக்க வைத்து வலது விலாவுக்குக் கீழே அழுத்தினார். அது முனகியது. அவர் முகம் மாறியது.

"ஈரல் வீங்கியிருக்கு. வண்டியக் கூப்பிடுங்க."

ஆம்புலன்ஸில் தாயையும் குழந்தையையும் திருவண்ணாமலைக்கு ஏற்றி அனுப்பினார். பிறகு என் அறைக்கு வந்தார். நான் அதற்குள் அந்தத் தயாரிப்பு எண் கொண்ட பாட்டில்களை அட்டைப் பெட்டியில் அடுக்கி, ஒட்டி, குறுக்கே கையெழுத்துப் போட்டு, 'வழங்கக் கூடாது' என்று எழுதிவிட்டேன். யாரும் சொல்லாமலே நடைமுறை எனக்குத் தெரியும்.

"பெரியாஸ்பத்திரியில கேப்பாங்க விஜயா, எவ்ளோ குடுத்தோம்னு. நீங்களே போயிச் சொல்லிட்டு வந்துடுறீங்களா? நாம குடுத்தது அறுபது மில்லி. அதுக்கு மேல நமக்கு என்ன தெரியும்?"

பஸ்ஸில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். அறுபது மில்லி முழுவதும் இரண்டு நாளில் உள்ளே போயிருந்தாலும் ஈரல் இவ்வளவு கெடுவது கஷ்டம். அப்படியென்றால் வேறு யாரோ வேறு எதையோ கொடுத்திருக்கிறார்கள். யார் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. கீழ்பென்னாத்தூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கினேன்.

ஜாபர் பாயின் மெடிக்கல் அங்கே மூன்று தலைமுறையாக இருக்கிறது. நான் கல்லா எதிரில் நின்றதும் கண்ணாடியைக் கழற்றினார்.

"கவர்ன்மென்ட்டு சந்தேகம் நம்ம கடைக்கு வந்திருக்கு. உக்காருங்க மேடம்."

"செல்வின்னு ஒரு பொண்ணு, அஞ்சு வயசுக் கொழந்தைக்கு மருந்து வாங்கிச்சா பாய்? ஊசி, மாத்திர எதாவது குடுத்தீங்களா?"

"ஊசி போட்டா நான் ஏன் இந்த ஸ்டூல்ல உக்காந்துனு இருக்கேன், பெரிய ஆஸ்பத்திரி கட்டியிருக்க மாட்டேன்?" பில் புத்தகத்தைத் திருப்பி என் பக்கம் நகர்த்தினார். காய்ச்சல் சிரப், அறுபது மில்லி, ஒன்று. அடுத்த நாள் இன்னொன்று. உங்கள் மருந்தேதான், ஐந்து மில்லிக்கு அதே இருநூற்றைம்பதுதான் என்றார். வேறு எதுவும் இல்லை.

"ரெண்டாவது நாளு நான் கேட்டேன், நேத்துதானே வாங்கினன்னு. எவ்ளோ குடுக்கறன்னு கேட்டேன். அந்தம்மா இன்னா சொல்லிச்சி தெரியுமா? 'அளவெல்லாம் ஆஸ்பத்திரி மேடம் சொல்லியிருக்காங்க பாய்'னுச்சி. மேடமே சொன்னப்புறம் கடக்காரன் இன்னா சொல்றது?"

மறுபடி பஸ். நான் கொடுத்தது அறுபது, பாய் கொடுத்தது நூற்றிருபது. நான் சொன்ன அளவில் நான்கு நாளைக்கு அறுபது மில்லி போதும். வாங்கியது நூற்றெண்பது. மூன்று மடங்கு. இப்போது எனக்கு அந்தத் தாயின் மேல்தான் சந்தேகம். பயத்தில் மணிக்கொரு தரம் ஊற்றியிருப்பாள், கேட்டால் மறைப்பாள் என்று முடிவு கட்டிக்கொண்டேன்.

குழந்தைகள் வார்டில் பணியில் இருந்தது ஒரு டாக்டரம்மா. என்னைவிட இருபது வயது சின்னவள்.

"மேடம், எனக்கு ஒரே ஒரு விஷயம் தெரியணும். இந்தக் கொழந்த உள்ள எவ்ளோ போயிருக்கு? மஞ்சக் காமாலையா, டெங்குவா, மருந்தான்னு ரத்த ரிசல்ட் வர்றதுக்குச் சாயங்காலம் ஆவும். மருந்துதான்னா மாத்து மருந்த இப்பவே ஆரம்பிக்கணும். ஒவ்வொரு மணி நேரமும் ஈரல் போயிட்டு இருக்கு. அந்த மருந்துல இருக்கிற ஆம்பூலும் கம்மி, எதையும் குருட்டாம்போக்குல செய்ய முடியாது. அந்தம்மாவக் கேட்டா, சொன்னபடிதான் குடுத்தேன்னு ஒரே பதில்."

செல்வி வராந்தாவில் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். நான் போலீஸ்காரி மாதிரித்தான் ஆரம்பித்தேன்.

"எத்தன வாட்டி குடுத்த? உண்மையச் சொல்லு."

"மூணு வாட்டிதாங்க. ஜாஸ்தி குடுக்கல. பாப்பா மேல சத்தியமா."

"கொட்டிடிச்சின்னு சொன்னியே?"

"கொட்டலைங்க. நீங்க கேட்டீங்க, ஆமாம்னேன்."

"ஏன்?"

"பின்னாடி எல்லாரும் சிரிச்சாங்க."

அவள் எதிரே தரையில் உட்கார்ந்தேன். எப்படிக் கொடுத்தாய், காட்டு என்றேன். பையிலிருந்து அதே பழுப்பு பாட்டிலை எடுத்தாள். பாய் கடை மருந்தையும் அதில்தான் ஊற்றி வைத்திருந்தாள், மேடம் நல்லா இருக்கு என்று சொன்ன பாட்டில் ஆயிற்றே என்று. அடியில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. தண்ணீர் பாட்டிலைத் திறந்து, அந்தப் பிளாஸ்டிக் கிண்ணத்தில் விளிம்பு வரை ஊற்றினாள். ஒரு சொட்டு வழியவில்லை. ஒரு தாய் எவ்வளவு கவனமாக அளக்க முடியுமோ அவ்வளவு கவனம்.

"ஒரு மூடிங்க" என்று நீட்டினாள்.

நர்ஸிடம் பத்து மில்லி சிரிஞ்ச் வாங்கி உறிஞ்சினேன். பத்து நிரம்பியது. வெளியே தள்ளிவிட்டு மறுபடி உறிஞ்சினேன். இன்னும் ஐந்து.

கிண்ணத்தின் பக்கவாட்டில் கோடுகள் இருந்தன, எண்களோடு. "இதெல்லாம் பாத்தியா?" என்று கேட்டேன். கேட்கும்போதே என் குரல் இறங்கிவிட்டது.

"பத்தாவது படிச்சிருக்கேங்க. பாத்தேன். நீங்க ஒரு மூடின்னீங்க, இதுல அஞ்சு, பத்துன்னு கோடு போட்டிருக்கு, ரெண்டே வாட்டியில தீந்ததும், எது வரைக்கும்னு கேக்கலாம்னுதான் மறுநாளு காலையிலயே வந்தேன். நீங்க யாருக்குக் குடுத்தன்னு கேட்டீங்க."

டாக்டரம்மாவிடம் போனேன். "ஒரு தடவைக்குப் பதினஞ்சு மில்லி. எழுநூத்தம்பது மில்லிகிராம். ஒரு நாளைக்கு மூணு தடவ, நாலு நாளு. நடுவுல ஒண்ணு ரெண்டு வேள தவறியிருக்கலாம். கொழந்த சாப்பிடவும் இல்ல."

எழுதிக்கொண்டே கேட்டாள். "யார் சொன்ன அளவு?"

நாம கொடுத்தது அறுபது மில்லி, அதுக்கு மேல நமக்கு என்ன தெரியும் என்று சொல்லியிருக்கலாம். பொய்யும் ஆகாது. ஆனால் அதைச் சொன்னால் அவள் இந்த எண்ணை நம்புவாளா, இல்லை மறுபடி தாயைப் போய்க் கேட்பாளா என்று தெரியவில்லை.

"நான்தான். மூடியக் குடுக்காம, ஒரு மூடின்னு சொன்னேன்."

அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. சரி என்று எழுதி முடித்து, நர்ஸைக் கூப்பிட்டாள்.

மாற்று மருந்து அந்த ஆஸ்பத்திரியில் நெஞ்சுச் சளி நோயாளிகளுக்குப் புகையாகக் கொடுப்பதற்காக வைத்திருந்த கண்ணாடி ஆம்பூல்களில் இருந்தது. வாய் வழியாகவும் கொடுக்கலாம். மருந்தகத்திலிருந்து வார்டுக்கு எடுக்கத் தேவையான இரண்டு படிவத்தையும் நானே நின்று நிரப்பினேன். உடைத்தால் அழுகிய முட்டை நாற்றம். எலுமிச்சைச் சாற்றில் கலந்து, சிரிஞ்சால் அளந்து, கன்னத்து ஓரமாக விட்டார்கள். குழந்தை முதல் தடவை அப்படியே வாந்தி எடுத்தது. மறுபடி அளந்து, மறுபடி விட்டார்கள். அதற்குப் பிறகு நான்கு மணி நேரத்துக்கு ஒரு தடவை, இன்னும் பதினேழு வேளை. ஒவ்வொரு வேளையும் நர்ஸ் சிரிஞ்சை வெளிச்சத்தில் பிடிக்கும்போது செல்வி எழுந்து வந்து கிட்டே நின்று பார்த்தாளாம். சாயங்காலம் வந்த ரத்த ரிசல்ட்டில் ஈரல் அளவுகள் எக்கச்சக்கமாக ஏறியிருந்தன. மறுநாள் இன்னும் ஏறின. அதற்கடுத்த நாள் நின்றன. நான்காம் நாள் நான் போனபோது பவித்ரா எதிர்க் கட்டிலில் இருந்தவர்களின் பொட்டலத்தைக் காட்டி போண்டா கேட்டுக்கொண்டிருந்தாள். கொடுக்கவில்லை. அதற்காக அழுதாள். அந்த வாரத்தில் நான் கேட்ட சத்தங்களில் அதுதான் நல்ல சத்தம்.

பயிற்சி வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பாராசிட்டமால் கெட்ட மருந்து இல்லை. எடைக்கு ஏற்ற அளவில், நாலைந்து மணி நேர இடைவெளி விட்டுக் கொடுத்தால் அதைவிடச் சாதுவான காய்ச்சல் மருந்து கிடையாது. ஆனால் அளவு தாண்டினால் அது சத்தம் போடாது. முதல் இரண்டு நாள் குழந்தை காய்ச்சல்காரக் குழந்தை மாதிரியே இருக்கும். வாந்தி வரும்போது ஈரல் போய்க்கொண்டிருக்கும். சளிக்கு என்று வாங்குகிற சிரப்புகளிலும் பாதிக்குப் பாதியில் அதே மருந்து ஒளிந்திருக்கும். ஆகவே தாயைக் கேட்காதீர்கள், காட்டச் சொல்லுங்கள். பாட்டிலையும் ஸ்பூனையும் கொண்டுவரச் சொல்லி, தண்ணீரை ஊற்றச் சொல்லிப் பாருங்கள். சந்தேகத்தைப் பாத்திரத்தின் மேல் வையுங்கள். ஆளின் மேல் வைத்தால், நீங்கள் எதிர்பார்க்கிற பதிலைச் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள்.

ஆய்வகத்துக்கு அனுப்பிய மருந்தில் குறையில்லை என்று முடிவு வந்து, ஒட்டி வைத்த பெட்டியைப் பிரித்தேன். டாக்டர் தணிகாசலம் அறிக்கை தயார் செய்தார். 'மருந்தகத்தில் உரிய நடைமுறைகள் பின்பற்றப்பட்டுள்ளன. தாயின் கவனக்குறைவால் அளவுக்கு அதிகமாக மருந்து புகட்டப்பட்டுள்ளது.' நான் ஒரு பக்கம் வாக்குமூலம் எழுதிக் கொண்டுபோனேன். வழக்கம்போலக் கடைசி வரியிலிருந்து ஆரம்பித்தார். என் கையெழுத்தைப் பார்த்ததும் மேலே போகவில்லை.

"கொழந்த பொழச்சிடுச்சே விஜயா. இது தேவையா? பாட்டிலப் பிரிக்கச் சொன்னது யாருன்னு அடுத்து கேப்பாங்க. நீங்க யாரச் சொல்லுவீங்க?"

யாரைச் சொல்வேன்? அவர் கேள்விதான் கேட்டிருந்தார். என் தாளை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அதைக் கிழிக்கவில்லை என்பதைத் தவிர எனக்காகச் சொல்ல ஒன்றும் இல்லை. அறிக்கையின் கீழே தாயின் ஒப்புதல் கையெழுத்து வேண்டியிருந்தது. டிஸ்சார்ஜுக்கு முந்தின நாள் வார்டில் வைத்து வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். அதற்கப்புறம் என் ஜன்னலில் பாட்டில் பிரிக்கப்படவில்லை. தீர்ந்துபோனால் தீர்ந்தது என்று சொன்னேன். டாக்டர் ஏன் என்று கேட்கவில்லை.

பொங்கல் முடிந்து ஒரு திங்கட்கிழமை, வரிசை நீளமாக இருந்தது. பவித்ராவுக்குப் பல்வலி. சீட்டை நீட்டிய கையை எனக்கு அடையாளம் தெரிந்தது. பிரிக்காத முழு பாட்டிலை, மூடியோடு, ஓட்டை வழியாகக் கொடுத்தேன். கை அதை எடுக்கவில்லை.

"ஊத்திக் காட்டுங்க" என்றாள் செல்வி.

முத்திரையை உடைத்து, கம்பெனி மூடியில் ஊற்றிக் காட்டினேன். ஐந்து மில்லி, வலி இருந்தால் மட்டும், ஒரு நாளைக்கு மூன்று வேளைக்கு மேல் வேண்டாம், ரெண்டு நாளில் நிக்கலைன்னா பல் டாக்டர்கிட்ட போ என்றேன். அவள் கேட்டுக்கொண்டாள்.

"கையெழுத்துப் போடச் சொன்னாங்களே, அந்தத் தாள நான் படிச்சேங்க. கவனக்குறைவுன்னு போட்டிருந்தது. பாப்பா இன்னும் வார்டுலதானே இருந்தா, அதான் போட்டுட்டேன்." சாதாரணமாகத்தான் சொன்னாள். "இன்னொரு வாட்டி ஊத்திக் காட்டுங்க."

பின்னால் யாரோ, "இன்னாம்மா, இங்கயே குடிச்சிட்டுப் போவியா?" என்றார்கள். யாரும் சிரிப்பதற்குள் மறுபடி மூடியை நிரப்பி ஓட்டையில் வைத்தேன். அவள் குனிந்து, விளிம்புக்குச் சமமாகக் கண்ணைக் கொண்டுவந்து பார்த்தாள். அன்றுதான் அந்த ஓட்டை வழியாக அவள் முகத்தை முழுதாகப் பார்த்தேன்.

"சரிங்க" என்றாள். "நீங்க சொன்ன அளவ ஒரு தாளுல எழுதி, கீழ உங்க கையெழுத்தப் போட்டுக் குடுங்க."

போட்டுக் கொடுத்தேன்.